காவல் யார் கையில்?



அமெரிக்காவில் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமை பற்றி ஓயாமல் நடக்கும் வாதத்தை நம்மவர்களுக்கு விளங்கும்படி பேச வேண்டும் என்று இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் டெக்சாஸிலும் நியூஜெர்சியிலும் வேலை பார்க்கிறார்கள். பள்ளிக்குள் துப்பாக்கியோடு ஒருவன் நுழைந்துவிட்டால் விளக்கை அணைத்துவிட்டு எந்த மூலையில் ஒளிவது என்று நம் பேரப்பிள்ளைகள் அங்கே ஒத்திகை பார்க்கிறார்கள். ஆகவே இது நமக்குத் தூரத்து விஷயம் இல்லை. ஆனாலும் நான் நேராக அமெரிக்காவுக்குப் போகப்போவதில்லை. ஆயுதம் தாங்கிய சமூகம் எப்படி இருக்கும் என்பதையும், அந்த ஆயுதத்தை அரசு பறித்தால் என்ன ஆகும் என்பதையும் இந்த மண் பட்டு அறிந்திருக்கிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோயிலுக்குள் பூலித்தேவர் அறை என்று ஓர் இடத்தைக் காட்டுவார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்த நெற்கட்டும்செவல் பாளையக்காரரான அவரைச் சிறைபிடித்துக் கொண்டுபோன வழியில், சாமி கும்பிட வேண்டும் என்று சொல்லி உள்ளே போனவர் அப்படியே மறைந்துவிட்டார் என்பது ஊர் வழக்கு. அதை நம்புவோரும் உண்டு, கதை என்போரும் உண்டு. 1755-இல் கம்பெனிப் படையின் கர்னல் ஹெரான் நெற்கட்டும்செவல் கோட்டைக்கு முன்னால் வந்து கப்பம் கேட்டதும், கிடைக்காமல் திரும்பியதும் வரலாறு. 1767-இல் கர்னல் டொனால்ட் கேம்பெல் வாசுதேவநல்லூர்க் கோட்டையைப் பிடிக்கும்வரை மேற்குப் பாளையங்கள் ஆர்க்காட்டு நவாபுக்கும் கம்பெனிக்கும் முழுமையாக அடங்கவில்லை. அவர்களிடம் இருந்தவை மண்கோட்டை, வேல், வாள், வளரி, கொஞ்சம் திரித்துப்பாக்கி. வளரி எறிய எனக்குக் கற்றுக்கொடுத்தவர் மருது சகோதரர்களில் ஒருவர் என்று ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி பிற்காலத்தில் எழுதினார். கற்றுக்கொடுத்த கைக்கு எதிராகவே 1801-இல் அவர் படையோடு வந்தார்.

1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். அதை ஒட்டியே, கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று பாளையக்காரர்களுக்கு மேஜர் பானர்மன் ஆணையிட்டார். 1801-இல் மறுபடி போர் மூண்டது. அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்களும், நவம்பர் 16 அன்று பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் கொல்லப்பட்டார்கள். டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். கம்பெனி அனுமதித்தவை நீங்கலாக இந்தச் சீமையில் எவரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்றது அது. நிரந்தர வரி பற்றிய உறுதிமொழியும் அதே பிரகடனத்தில் இருந்தது. ஒரு கையால் வாளைப் பறித்துக்கொண்டு மறு கையால் வரிச்சீட்டைக் கொடுத்தார்கள். நம் திருநெல்வேலிச் சீமையில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டின் பிறப்பு இதுதான். மக்களைக் காப்பதற்காக அது வரவில்லை, வரி தடையில்லாமல் வருவதற்காக வந்தது. இதைப் பூசி மெழுகக் கூடாது.

1857-இன் எழுச்சிக்குப் பிறகு 1860-இல் ஒரு சட்டம், 1878-இல் லிட்டன் பிரபு காலத்தில் இன்னும் கடுமையான ஆயுதச் சட்டம். 1878 சட்டத்தின் விதிகள் ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தன. வெள்ளைக்காரக் குமாஸ்தா எவரையும் கேட்காமல் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம்; பரம்பரையாகப் படையில் நின்ற குடும்பத்தான் மனுப்போட்டுக் கால்கடுக்க நிற்க வேண்டும். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட செங்கோட்டை வாஞ்சிநாதன் கையில் இருந்த பிரவுனிங், அவரிடம் இருக்கவே கூடாது என்று அந்தச் சட்டம் சொன்ன ஆயுதம். காந்தியே 1918-இல் கேடா மாவட்டத்தில் படைக்கு ஆள் சேர்க்க வெளியிட்ட துண்டறிக்கையில், பிரிட்டிஷார் செய்த தீமைகளிலெல்லாம் ஒரு தேசம் முழுவதையும் ஆயுதமற்றதாக்கிய சட்டமே மிகக் கறுப்பானது என்ற கருத்தை எழுதினார். அமெரிக்கத் துப்பாக்கி உரிமைக்காரர்கள் இதை அடிக்கடி எடுத்துக்காட்டுகிறார்கள். 1930 ஜனவரியில் காந்தி வைஸ்ராய் இர்வின் முன் வைத்த பதினொரு கோரிக்கைகளில் ஒன்று, தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமம் தர வேண்டும், அது மக்களின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பது. காங்கிரஸின் 1931 கராச்சித் தீர்மானத்திலும் விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் தாங்கும் உரிமை இடம்பெற்றது.

அப்படியானால் அந்த உரிமை ஏன் நம் அரசமைப்பில் இல்லை? 1948 டிசம்பரில் அரசமைப்பு அவையில் எச். வி. காமத் அதைச் சேர்க்கச் சொல்லித் திருத்தம் கொண்டுவந்தார், கராச்சியை நினைவூட்டினார். அம்பேத்கர் ஏற்கவில்லை. எல்லாக் குடிமக்களுக்கும் என்று எழுதினால் குற்றத்தையே தொழிலாகக் கொண்டவருக்கும் அதே உரிமை போய்ச் சேரும் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. திருத்தம் தோற்றது. நமக்குக் கிடைத்த 19-ஆவது பிரிவு, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைத் தருகிறது. சீக்கியர் கிர்பான் அணிவதற்கு மட்டும் 25-ஆவது பிரிவில் தனி விளக்கம் உண்டு. அன்று தேசிய மான உணர்ச்சி காமத் பக்கம்தான் இருந்தது. ஆனாலும் அவை அம்பேத்கர் சொன்னதை ஏற்றது சரியே என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணத்தை நான் டெல்லியில் தேடவில்லை, நம் களத்துமேட்டில் கண்டேன். இனி சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாளையக்காரர் காலத்தில் ஆயுதம் யார் கையில் இருந்தது? கரிசல் காட்டில் பருத்தி எடுத்தவள் கையில் இல்லை. தறியில் உட்கார்ந்தவர் கையில் இல்லை. சேரியில் இருந்தவரிடம் இருக்க ஊர் விட்டிருக்காது. ஆயுதம் இருந்தது ஆள் வைத்திருந்தவரிடமும் அவருக்கு ஆளாக இருந்தவரிடமும்தான். மற்றவர்கள் காவலை விலைக்கு வாங்கினார்கள். தலங்காவல் என்பது ஊருக்கு. திசைக்காவல் என்பது ஒரு வட்டகைக்கே. அறுவடைக் களத்தில் காவல்காரருக்கு அளந்த பிறகுதான் மிச்சம் வீட்டுக்கு வரும். களவு போனால் காவல்காரர் பொருளை மீட்டுத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். முறை என்னவோ நல்ல முறைதான். வாக்குத் தவறாத காவல்காரர்கள் பலர் இருந்தார்கள் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் காவல்கூலி தர மறுத்த ஊரில் மாடு காணாமல் போயிற்று. அடுத்து ஒருவர் வருவார். மாடு எங்கே இருக்கிறது என்று துப்புச் சொல்ல முடியும், அதற்கு ஒரு கூலி ஆகும் என்பார். மாட்டு விலையில் ஒரு பங்கைக் கொடுத்தால் மறுநாள் விடியலில் மாடு ஊர் எல்லையில் கட்டிக் கிடக்கும். இதற்குத் துப்புக்கூலி என்று பெயர். போலீசில் எழுதிக் கொடுத்தவருக்கு மாடு வராது, வைக்கோல் படப்பு எரியும். சென்னை மாகாணத்துக்கு 1859-இல் போலீஸ் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும், 20-ஆம் நூற்றாண்டு பிறந்த பிறகும்கூட, மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் துப்புக்கூலி நடந்தது. காக்கும் பலம் தனியார் கையில் இருக்கும்போது பறிக்கும் பலமும் அதே கையில்தான் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே கோடு போட யாரும் இல்லை. எல்லார் கையிலும் ஆயுதம் இருந்தால் எல்லாரும் சமமாவார்கள் என்பது அமெரிக்காவில் அடிக்கடி கேட்கும் வாதம். நம் சீமை அந்தச் சோதனையைச் செய்து முடித்துவிட்டது. ஆயுதம் சமமாகப் பரவவில்லை. ஏற்கெனவே இருந்த மேடு பள்ளத்தின் வழியே ஓடி, மேட்டில் இருந்தவனை இன்னும் உயர்த்தியது.

சுதந்திரத்துக்குப் பிறகும் அதே கதைதான். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட குடும்பங்களைத் தாக்க வந்தவர்களிடம் துப்பாக்கிகள் இருந்தன. குண்டடி பட்டவர்கள் உண்டு. ஓடி ஒளிந்த குடிசையிலேயே 44 பேர் எரிந்து போனார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். நிலம் இருந்தவரிடம் துப்பாக்கி இருந்தது, கூலி கேட்டவரிடம் அரிவாளும் மண்வெட்டியும் இருந்தன. மேல்முறையீட்டில் பண்ணையார்கள் விடுதலையானார்கள். துப்பாக்கியை எல்லாருக்கும் திறந்துவிட்டிருந்தால் வெண்மணி நடந்திருக்காது என்று சொல்பவர், அன்றாடக் கூலிக்காரர் ஒருவர் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் பணம் எங்கே தேடியிருப்பார் என்பதையும், அதை வாங்கிய மறுநாள் அவர் மேல் என்ன வழக்குப் பாய்ந்திருக்கும் என்பதையும் யோசித்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கும் இது தெரியும். 1956-இல் மான்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங் வீட்டில் குண்டு வெடித்த பிறகு அவர் துப்பாக்கி உரிமத்துக்கு மனுச் செய்தார். மறுத்துவிட்டார்கள். 1967-இல் பிளாக் பாந்தர் இளைஞர்கள் துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்தி வீதியில் நடந்தபோது, கலிபோர்னியா சட்டமன்றம் அவசரமாகத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. கையெழுத்திட்ட ஆளுநர் ரொனால்டு ரீகன். பின்னாளில் துப்பாக்கி உரிமைக்காரர்கள் கொண்டாடிய தலைவர் அவர். உரிமை என்று ஏட்டில் எழுதியிருந்தாலும், அது யார் கையில் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் நாடு அஞ்சுகிறது.

இப்போது அங்குள்ள சட்டத்துக்கு வருகிறேன். 1791-இல் சேர்க்கப்பட்ட இரண்டாம் திருத்தம், ஒழுங்குபடுத்தப்பட்ட மக்கள் படையைக் குறிப்பிட்டு, மக்கள் ஆயுதம் வைத்துத் தாங்கும் உரிமை மீறப்படலாகாது என்கிறது. அது படைக்கான உரிமையா, தனிமனிதனுக்கான உரிமையா என்று இருநூறு ஆண்டு சண்டை. 2008-இல் ஹெல்லர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தனிமனித உரிமையே, வீட்டில் தற்காப்புக்கானது என்றது. 2022-இல் புரூன் வழக்கில் வீட்டுக்கு வெளியிலும் உண்டு என்றது. தக்க காரணம் காட்டினால்தான் உரிமம் என்று 1913-இலிருந்து இருந்துவந்த நியூயார்க் சட்டம் அதோடு வீழ்ந்தது. 2024-இல் ரஹிமி வழக்கில், குடும்ப வன்முறைக்காகத் தடையாணைக்கு உள்ளானவரிடமிருந்து துப்பாக்கியை விலக்கிவைக்கலாம் என்று கொஞ்சம் இறங்கிவந்தது. 2012-இல் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகள், 2022-இல் டெக்சாஸின் உவால்டியில் 19 குழந்தைகள் இறந்த பிறகும் அந்த நாட்டால் இதற்கு மேல் அதிகம் நகர முடியவில்லை. ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே 2018-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி அங்கே பொதுமக்களிடம் உள்ள துப்பாக்கிகள் 39 கோடிக்கு மேல். மக்கள்தொகையைவிட அதிகம்.

துப்பாக்கி வாங்கும் அமெரிக்கர்கள் எல்லாரும் வெறிபிடித்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களுடைய அச்சத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. 1999-இல் கொலராடோவில் கேசில் ராக் என்ற ஊரில் ஒரு தாய், பிரிந்து வாழ்ந்த கணவன் நெருங்கக் கூடாது என்று நீதிமன்ற ஆணை வாங்கி வைத்திருந்தார். ஆணையை மீறி அவன் மூன்று மகள்களையும் கொண்டுபோனான். தாய் இரவெல்லாம் காவல் நிலையத்தை அழைத்துக் கெஞ்சினார். யாரும் தேடிப் போகவில்லை. மூன்று பிள்ளைகளும் கொல்லப்பட்டார்கள். 2005-இல் உச்ச நீதிமன்றம், அந்த ஆணையைக் காவல்துறை நிறைவேற்றியே தீர வேண்டும் என்று கோர அந்தத் தாய்க்கு அரசமைப்பு உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. அரசு வருவதற்குக் கடமைப்படவில்லை என்று நீதிமன்றமே சொல்லிவிட்ட நாட்டில், தனியாக இருக்கும் ஒரு பெண் துப்பாக்கிக் கடைக்குப் போவதை நான் குறை சொல்ல மாட்டேன். நோய் அங்கே இருக்கிறது. துப்பாக்கி அதற்கு மருந்தாகிறதா என்பதே கேள்வி.

ஆகவில்லை என்பதற்கு 2021-இன் கணக்கே போதும். அந்த ஆண்டு அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தற்கொலை. அந்நியனைச் சுட என்று வாங்கி அலமாரியில் வைத்த ஆயுதம், பெரும்பாலும் அந்த வீட்டுக்காரரையே கொண்டுபோகிறது. சாக வேண்டும் என்று முடிவெடுத்தவர் எப்படியும் வழி தேடிக்கொள்வார் என்று சொல்வார்கள். அது உண்மையில்லை என்று நமக்குப் பக்கத்து நாடே காட்டியிருக்கிறது. இலங்கையில் 1990-களில் தற்கொலை விகிதம் உலகின் மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்றாக இருந்தது, பெரும்பாலும் பூச்சிமருந்து. கொடிய மருந்துகளை 1995-இலும் 1998-இலும் தடை செய்தார்கள். அடுத்த பத்தாண்டில் தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது. வறுமை தீரவில்லை, போர் ஓயவில்லை, மனக்கவலை எங்கும் போகவில்லை. கை எட்டும் தூரத்தில் இருந்த சாவு மட்டும் கொஞ்சம் தள்ளிப்போனது. அந்தக் கொடுமையான ஒரு மணி நேரம் கடந்துவிட்டால் பலர் வாழ்ந்துவிடுகிறார்கள். பருத்திக்காட்டுக்கு மருந்து வாங்கி வீட்டில் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இதைவிட விளக்கமாகச் சொல்ல வேண்டியதில்லை.

நம் நாட்டில் 1959-இன் ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்றிருந்ததை 2019-இன் திருத்தம் இரண்டாகக் குறைத்தது. 2016 முடிவில் தமிழ்நாடு முழுவதும் இருந்த உரிமங்கள் சுமார் 22,500. உத்தரப்பிரதேசத்தில் 12 லட்சத்துக்கு மேல். தேர்தல் அறிவித்த வாரத்தில் நம் காவல் நிலையங்களுக்குப் போய்ப் பாருங்கள். பழைய வேட்டியில் சுற்றிய ஒற்றைக்குழலைப் பெரியவர் ஒருவர் மேசைமேல் வைப்பார். ரைட்டர் லைசென்ஸ் புத்தகத்தை வாங்கி, துப்பாக்கியில் பொறித்த எண்ணை டார்ச் அடித்துச் சரிபார்ப்பார். தோட்டாக்களை ஒன்றொன்றாக எண்ணுவார். பெயரும் கிராமமும் எழுதிய அட்டையைக் குழலில் நூலால் கட்டி, ரசீது கொடுப்பார். தேர்தல் முடிந்து திரும்ப வாங்கும்வரை பெரியவர் வீட்டில் எந்தக் குறையும் வருவதில்லை. நம் மக்கள் இந்த ஏற்பாட்டுக்கு எவ்வளவு இயல்பாகப் பழகியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி மலையடிவார விவசாயிகளின் கேள்வி வேறு. காட்டுப்பன்றி ஓரிரவில் ஒரு வயலை உழுதுவிட்டுப் போகிறது. பயிர்க்காவலுக்குக் கரிமருந்துத் துப்பாக்கி உரிமம் கேட்க ஆயுதச் சட்டத்திலேயே இடம் உண்டு. ஆனால் வனவிலங்குச் சட்டம் சுட விடாது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு முடிவெடுத்தது. வனத்துறை ஆள் வர வேண்டிய இரவில் வந்தால் விவசாயிக்குத் துப்பாக்கி தேவையில்லை. வராவிட்டால் அவர் வேறு வழி தேடுவார், அது மின்வேலியாகவோ வெடி மறைத்த அவுட்டுக்காயாகவோ முடியும். இங்கேயும் கேள்வி ஒன்றுதான்: வருவேன் என்ற அரசு வந்ததா?

துப்பாக்கி இருக்கும் இடமெல்லாம் கொலைக்களம் என்று நான் சொல்லவில்லை. குடகு மக்களுக்கு 1861 முதல் உரிம விலக்கு இருக்கிறது. மத்திய அரசு 2019-இல் அதை 2029 வரை நீட்டித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-இல் செல்லும் என்றது. கைல்போதுத் திருநாளில் அவர்கள் துப்பாக்கிக்குப் பூச்சூட்டி வணங்குகிறார்கள். ஒரு சிறு நாட்டின் கட்டுக்கோப்பான மரபு அது. அதைச் சாதிக் கலவரம் கண்ட தாலுகாக்களில் பெயர்த்து நட முடியாது. 2023 பிப்ரவரியில் நம் உச்ச நீதிமன்றமும், உத்தரப்பிரதேசத்தில் உரிமமில்லாத் துப்பாக்கிகள் பெருகியதைக் கவலையோடு குறிப்பிட்டு, அமெரிக்காவைப் போல ஆயுதம் தாங்கும் அடிப்படை உரிமை இங்கே யாருக்கும் இல்லை என்று நினைவூட்டியது.

அப்படியானால் தற்காப்பு? அந்த உரிமை நமக்குத் தாராளமாகவே இருக்கிறது. மெக்காலே 1837-இல் தண்டனைச் சட்ட வரைவை எழுதியபோதே, இந்நாட்டு மக்கள் எதிர்த்து நிற்கத் தயங்குகிறார்கள், ஆகவே இந்த உரிமையை அகலமாகவே வைக்கிறோம் என்ற எண்ணத்தைக் குறிப்பில் எழுதினார். பழைய சட்டத்தில் 96 முதல் 106 வரை, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருந்தால், பாலியல் வன்முறை, கடத்தல், அமிலவீச்சு நேருமானால், எதிரியின் உயிர் போகும் அளவுக்கும் தடுக்கலாம். எல்லை இரண்டுதான்: தேவைக்கு மேல் அடிக்கக் கூடாது; அதிகாரிகளின் உதவியை நாட நேரம் இருந்தால் நாட வேண்டும். ஓடித்தான் தப்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2010-இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. எதிர்த்து அடித்தால் நமக்குத்தான் ஜெயில் என்று கிராமங்களில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. மாணவர்களே, அதை உங்கள் வீட்டிலிருந்தே மாற்றுங்கள். 2012-இல் மதுரையில், மகளை மானபங்கம் செய்ய முயன்ற கணவனைக் கிரிக்கெட் மட்டையால் அடித்துக் கொன்ற ஒரு தாயை, அப்போதைய மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அஸ்ரா கார்க் இந்தச் சட்டப்பிரிவைச் சுட்டிக்காட்டி விடுவித்தார். ஒரு பெண் மட்டையைத் தூக்கினார், ஓர் அதிகாரி சட்டத்தைச் சரியாகப் படித்தார். தற்காப்புக்கு அந்த இரண்டும் வேண்டும்.

நமக்குப் பக்கத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2019 ஆகஸ்ட் 11 இரவு, கடையத்தை அடுத்த ஒரு வீட்டு முற்றத்தில் ஒரு முதியவர் தனியாக உட்கார்ந்திருந்தார். முகத்தை மறைத்த ஒருவன் பின்னால் வந்து துணியால் கழுத்தை இறுக்கினான். சத்தம் கேட்டு உள்ளிருந்து மனைவி ஓடிவந்தார். கையில் கிடைத்த செருப்பை எறிந்தார், நாற்காலியை எறிந்தார். பிடி விட்டதும் பெரியவரும் எழுந்து நாற்காலியைத் தூக்கினார். அவனும் அவன் கூட்டாளியுமாக அரிவாளோடு வந்த இருவரும் பின்வாங்கிப் பின்வாங்கி ஓடினார்கள். அந்த அம்மையார் காயப்பட்டார், சங்கிலியும் பறிபோனது. ஆனால் இரண்டு உயிரும் நின்றன. கேமராவில் பதிந்த அந்தக் காட்சியை நாடே பார்த்தது. அந்தச் சுதந்திர தினத்தில் மாநில அரசு அவர்களுக்கு வீரத்துக்கான விருது கொடுத்தது. துப்பாக்கி தாராளமாகக் கிடைக்கும் நாட்டில் அந்த இருவரும் அரிவாளோடு வந்திருக்க மாட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலி அரிவாளை எதிர்த்து நின்றது. தோட்டாவை எதிர்த்து நிற்காது. துப்பாக்கி வேண்டும் என்று கேட்பவர்கள் தங்கள் கையில் இருக்கும் துப்பாக்கியை மட்டும் நினைக்கிறார்கள். முற்றத்துக்குள் வருகிறவன் கையிலும் அது இருக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஆயுதத்தை அரசிடம் விட்டோமே, அரசு ஒழுங்காக இருக்கிறதா என்று என்னைக் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட்டுக்கு எதிராகத் திரண்டவர்கள் மேல் காவல்துறை சுட்டது. அந்தச் சம்பவத்தில் 13 உயிர்கள் போயின. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் அந்தத் துப்பாக்கிச்சூட்டுக்கு நியாயம் இல்லை என்றது. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில், வேறு சாதிப் பெண்ணோடு பழகிய ஒரு மென்பொறியாளர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். கைதான இளைஞரின் தாயும் தந்தையும் அப்போது காவல்துறையில் உதவி ஆய்வாளர்களாக இருந்தார்கள். வழக்கு நடக்கிறது, அதற்குள் நான் போகவில்லை. ஆனால் காதலித்த பிள்ளைகள் காவல் நிலையத்து வாசலில் நின்று உள்ளே போகலாமா என்று யோசிக்கும் நிலைமை இந்த மாவட்டங்களில் இருக்கிறது. அந்தத் தயக்கம்தான் என்னைத் தூங்கவிடாத விஷயம்.

அதற்கு விடை அந்தப் பிள்ளை கையில் ஒரு துப்பாக்கியைக் கொடுப்பது இல்லை. கொடுத்தால் அவனைத் தேடி வருகிறவர்களுக்கு நான்கு துப்பாக்கி கிடைக்கும்; இந்தச் சீமையில் எண்ணிக்கை எப்போதும் எந்தப் பக்கம் அதிகம் என்பது உங்களுக்குத் தெரியும். விடை ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. 2016-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன், கலப்புமணத் தம்பதிகளைக் காக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவு அமைக்க வேண்டும், 24 மணி நேரமும் அழைக்கக்கூடிய தொலைபேசி எண் வேண்டும் என்று ஆணையிட்டார். மனு வந்தால் காவல் போக வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் கேசில் ராக் தாய்க்கு மறுத்ததை நம் உயர் நீதிமன்றம் நம் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறது. அதை நாம் கேட்டு வாங்கவில்லை. 1801-இல் நம்மிடம் யாரும் சம்மதம் கேட்காமல் ஆயுதத்தைப் பறித்தார்கள். 1950-இல் அரசமைப்பின் வழியாக நாமே அந்த ஏற்பாட்டை ஒப்புக்கொண்டோம். ஒப்புக்கொண்டவர்களுக்கு எதிர்த்தரப்பின் கடமையைக் கேட்கும் உரிமை இருக்கிறது.

மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைத்து முடிக்கிறேன். தேர்தல்தோறும் ஒரு துப்பாக்கி விடாமல் எண்ணி வாங்கி அட்டை கட்டத் தெரிந்த நிர்வாகத்துக்கு, காவல் கேட்டு வந்த மனுக்களை எண்ணவும் தெரியும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய்க்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். பொதுத் தகவல் அலுவலர், மாவட்டக் காவல் அலுவலகம், தென்காசி என்று முகவரி போடுங்கள். 2019 நவம்பரில் மாவட்டம் உருவானது முதல் ஒவ்வோர் ஆண்டும் பாதுகாப்புக் கோரி வந்த மனுக்கள் எத்தனை, அவற்றில் எத்தனைக்குக் காவலர் அனுப்பப்பட்டார், மனு வந்த நேரத்துக்கும் காவலர் போய்ச் சேர்ந்த நேரத்துக்கும் இடையில் எத்தனை மணி என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீட்டை எழுதித்தர இந்த ஊர் வழக்கறிஞர்கள் இருக்கிறோம், கட்டணம் வேண்டாம்.